கேட்டகரி ஏ-யிலிருந்து இறங்க வக்கீல் உதவுவாரா? எப்போது உதவுவார்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் தம்பி இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. நீதிபதி விதித்த குறைந்தபட்சக் காலம் 18 வருடம். தண்டனை வந்த நாளிலிருந்து கேட்டகரி ஏ, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு வகைக் கைதி. உள்ளே ஒரு சண்டை இல்லை, ஓர் ஒழுங்கு நடவடிக்கை இல்லை. ஆனாலும் வருடா வருடம் 'கேட்டகரி ஏ-யிலேயே தொடர்வார்' என்று கடிதம் வருகிறது. இப்போது ஒரு சட்ட அலுவலகம் 6,000 பவுண்டு கேட்கிறது. பணம் கட்டி வக்கீல் வைத்தால் வகை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஏன் மறுக்கிறார்கள், அந்த முடிவை எதனால் மாற்ற முடியும் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் லண்டனில் பதினாறு வருடமாகச் சிறைச் சட்டம் மட்டுமே பார்க்கும் சொலிசிட்டர். உங்கள் தம்பியின் கோப்பை நான் பார்த்ததில்லை. அதனால் அவர் விஷயத்தில் என்ன முடிவு வரும் என்று நானோ வேறு யாரோ இங்கே சொல்ல முடியாது. நடைமுறை எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் வக்கீலின் கை படுகிறது, எந்த இடத்தில் படாது என்பதை மட்டும் சொல்ல முடியும். கீழே எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் முறையே வேறு.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அந்த 6,000 பவுண்டை இப்போது கட்டாதீர்கள். வருடா வருடம் நடக்கும் கேட்டகரி ஏ மறுபரிசீலனைக்கு லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் சட்ட உதவி, உண்டு. அந்த உரிமை எளிதாக வந்ததல்ல. 2013 டிசம்பரில், கிறிஸ் கிரேலிங் நீதி அமைச்சராக இருந்தபோது, சிறைச் சட்டத்தில் பெரும் பகுதியை லீகல் எய்டிலிருந்து வெட்டி எறிந்தார்கள். கேட்டகரி ஏ மறுபரிசீலனையும் அதில் போயிற்று. ஹவர்ட் லீக், பிரிசனர்ஸ் அட்வைஸ் சர்வீஸ் என்ற இரண்டு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்ட உதவியே இல்லாமல் ஒரு கைதி இந்த மறுபரிசீலனையைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும் என்பது அந்த முறைக்குள்ளேயே இருக்கிற அநியாயம், ஆகவே அந்த வெட்டு சட்டவிரோதம். 2018 பிப்ரவரியில் மூன்று விஷயங்களுக்கு லீகல் எய்ட் திரும்பி வந்தது. கேட்டகரி ஏ மறுபரிசீலனை ஒன்று. கைதியை விடுவிக்கலாமா என்று பார்க்கும் பரோல் போர்டு, குறைந்தபட்சக் காலம் முடியுமுன் செய்யும் பரிசீலனை ஒன்று. குளோஸ் சூப்பர்விஷன் சென்டர் எனப்படும் மிகக் கடுமையான தனிப் பிரிவுகளில் வைப்பது ஒன்று. நடுவில் போன நான்கு வருடங்களில் என்னிடம் உதவி கேட்டு எழுதியவர்களுக்கு 'முடியாது' என்று பதில் எழுதியது இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை.

லீகல் எய்டுக்கு வருமான, சேமிப்புச் சோதனை உண்டு. பார்ப்பது உங்கள் தம்பியின் பணத்தை. மனைவியோ துணைவியோ இருந்தால் அவருடையதையும். அக்காவான உங்கள் சம்பளம் கணக்கில் வராது. பதினோரு வருடம் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். ஒருவர் லீகல் எய்டுக்குத் தகுதியானவரா என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கட்டணம் பேச வேண்டும் என்பது சொலிசிட்டரின் தொழில் கடமை. அந்த அலுவலகம் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சில அலுவலகங்களுக்குச் சிறைச் சட்டத்துக்கான லீகல் எய்ட் ஒப்பந்தமே இருக்காது. அப்படிப்பட்டவர்கள் தனியார் கட்டணம் மட்டும்தான் வாங்க முடியும். அதில் தவறில்லை, ஆனால் ஒப்பந்தம் உள்ள வேறு அலுவலகம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேட்டகரி ஏ என்றால் என்ன என்பதைப் பல குடும்பங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. மோசமாக நடப்பவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை என்று நினைக்கிறார்கள். இந்த வகைப்பாடு பிறந்த கதையைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். 1966 அக்டோபரில் ஜார்ஜ் பிளேக் என்ற உளவாளி, 42 வருடத் தண்டனையில் இருந்தவர், லண்டனில் வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையின் சுவர் ஏறித் தப்பிவிட்டார். நாடே கொந்தளித்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக இருந்த அதே மவுண்ட்பேட்டன்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் கொடுத்த அறிக்கையில்தான் ஏ, பி, சி, டி என்ற நான்கு வகைகள் வந்தன. ஆகவே இந்தப் பட்டியலின் ஆணிவேரே தப்பிப்பதைப் பற்றிய பயம்தான். தப்பினால் பொதுமக்களுக்கோ காவல் துறைக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ மிகப் பெரிய ஆபத்து, அதனால் தப்பிப்பதையே முடியாத காரியமாக்க வேண்டும் என்று கருதப்படுபவர் கேட்டகரி ஏ. தப்பிப்பது மிகக் கடினமாக இருந்தால் போதும் என்பவர் பி. தீர்மானமாகத் தப்பிக்கும் வசதியோ எண்ணமோ இல்லாதவர், ஆனால் திறந்த சிறையில் நம்பி விட முடியாதவர் சி. திறந்த சிறையில் நம்பி விடலாம் என்பவர் டி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'என் தம்பி தப்பி ஓடுகிற ஆளே இல்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் ஓடுவாரா என்பது அவர்கள் கேட்கும் முக்கியக் கேள்வி அல்ல. எப்படியோ வெளியே போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம், அப்போது அதே மாதிரிக் குற்றம் செய்வாரா என்பதுதான் கேள்வி. வகையைக் குறைக்க வேண்டுமானால் அந்த ஆபத்து கணிசமாகக் குறைந்துவிட்டது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று வேண்டும் என்கிறது விதி. குற்றத்தைப் பற்றிய மனப்போக்கு மாறியிருக்கிறது, அல்லது அதே நிலைமை திரும்ப வந்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும் திறமை வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும்.

நல்ல நடத்தை ஏன் போதவில்லை என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. கேமராவும் காவலரும் சூழ்ந்த இடத்தில் பதினோரு வருடம் அமைதியாக இருப்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வகையை மறுபரிசீலனை செய்யும் சிறைக் குழு என்ன சொல்லும் என்றால், 'கட்டுப்பாட்டுக்குள் இருந்தபோது அமைதியாக இருந்தார், குற்றம் செய்தபோது இருந்த கோபமும் பகையும் என்ன ஆயிற்று?' ஒருமுறை ஒரு குடும்பம் ஊர் முழுக்கச் சுற்றிக் கோயில் நிர்வாகி, பழைய ஆசிரியர், பக்கத்துக் கடைக்காரர் என்று எல்லோரிடமும் நற்சான்றுக் கடிதம் வாங்கிக் கட்டாகக் கொண்டுவந்தது. எல்லாக் கடிதத்திலும் 'மிக நல்ல பிள்ளை, இப்படி ஒன்றைச் செய்திருக்கவே மாட்டான்' என்று இருந்தது. நான் அதில் ஒன்றைக்கூடக் குழுவுக்கு அனுப்பவில்லை. அவர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கான பயிற்சி வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். 'செய்திருக்கவே மாட்டான்' என்ற கடிதங்கள், வீட்டுக்குப் போனால் குற்றத்தை மறுக்கிற ஒரு சூழலுக்குத்தான் போகிறார் என்று குழுவுக்குச் சொல்லியிருக்கும். அந்தத் தாயிடம் இதை விளக்கியது என் வேலையில் நான் செய்த கடினமான காரியங்களில் ஒன்று.

மறுபரிசீலனை நடக்கும் விதம் இது. தண்டனைக்குப் பிறகு கேட்டகரி ஏ என்று உறுதியானால் முதல் முறையான மறுபரிசீலனை சுமார் இரண்டு வருடம் கழித்து, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. சிறையிலேயே அறிக்கைகள் தயாராகும். உளவியலாளர் ஒன்று, வழக்குப் பொறுப்பான அதிகாரி ஒன்று, பாதுகாப்புப் பிரிவு ஒன்று, அவர் இருக்கும் விங்கிலிருந்து ஒன்று. இவற்றைத் தொகுத்துக் கைதிக்கும் அவருடைய சொலிசிட்டருக்கும் கொடுக்க வேண்டும். ரகசியமாக வைக்க வேண்டிய உளவுத் தகவல் இருந்தால் முழுவதையும் தரமாட்டார்கள், சாரத்தையாவது தர வேண்டும். முடிவுக்கான காரணங்களும் எழுத்தில் வர வேண்டும். இது 1990-களில் நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பாதை. தொகுப்பு கைக்கு வந்த பிறகு பதில் எழுதச் சில வாரங்களே இருக்கும். அதற்குப் பிறகு சிறையில் உள்ளூர் ஆலோசனைக் குழு கூடும். அதில் கைதியும் இருக்க மாட்டார், வக்கீலும் இருக்க மாட்டார். காகிதங்களை மட்டும் பார்த்து ஒரு பரிந்துரை எழுதுவார்கள். அது தலைமையகத்தில் உள்ள கேட்டகரி ஏ பிரிவுக்குப் போகும். உள்ளூர் குழு குறைக்கச் சொல்லவில்லை, அந்தப் பிரிவும் தொடரலாம் என்று நினைத்தால் முடிவு அங்கேயே முடிந்துவிடும். குறைப்பது என்றால் உயர் பாதுகாப்புச் சிறைகளுக்குப் பொறுப்பான இயக்குநர் நிலை அதிகாரிதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று விளங்கும். இங்கே வக்கீல் எழுந்து நின்று வாதாடும் மேடை கிடையாது. எல்லாம் காகிதம். அந்தக் காகிதங்கள் தம்பிக்கு வந்து சேரும் நாளுக்கும் உள்ளூர் குழு கூடும் நாளுக்கும் இடையில் இருக்கிற அந்தச் சில வாரங்களில்தான் வக்கீலின் வேலை முழுவதும் இருக்கிறது. முடிவு வந்த பிறகு வக்கீலைத் தேடும் குடும்பங்களே அதிகம். அப்போது நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். குழு கூடும் தேதியைச் சிறையிடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. என் மனு போய்ச் சேர்ந்தபோது குழு கூடி ஒரு நாள் ஆகியிருந்தது. அந்த மனிதர் இன்னொரு வருடம் காத்திருந்தார். அன்றிலிருந்து எந்தக் கோப்பிலும் நான் எழுதும் முதல் கடிதம் தேதி கேட்டுத்தான்.

அந்த வாரங்களில் நல்ல சொலிசிட்டர் என்ன செய்வார்? முதலில் அறிக்கைகளை வரி வரியாகப் படித்துத் தவறுகளைப் பிடிப்பார். ஒரு அறிக்கையில் ஒருமுறை நுழைந்த பிழை அடுத்தடுத்த வருட அறிக்கைகளில் நகல் எடுக்கப்பட்டுக்கொண்டே போகும். தீர்ப்பில் இல்லாத ஒரு விவரம், வேறொரு கைதியைப் பற்றிய குறிப்பு, நிரூபிக்கப்படாத ஒரு சந்தேகம் என்று பலவற்றைப் பார்த்திருக்கிறேன். வழக்கு நீதிபதி தண்டனை விதித்தபோது சொன்ன வார்த்தைகளை எடுத்துவைத்து ஒப்பிட்டால் பாதிப் பிழை வெளியே வந்துவிடும். அடுத்ததாக, போன வருடம் மறுத்தபோது என்னென்ன குறை சொன்னார்களோ, அதில் ஒவ்வொன்றுக்கும் இந்த வருடம் என்ன பதில் இருக்கிறது என்று காட்டுவார். போன வருடக் கடிதத்தை ஒரு வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் எல்லோரிடமும் சொல்வேன். அதில் 'வன்முறை குறித்த பயிற்சி இன்னும் முடிக்கவில்லை' என்று இருந்தால், நல்ல நடத்தையைப் பற்றி இருபது பக்கம் எழுதினாலும் பயனில்லை. பயிற்சியில் எப்போது இடம் கிடைக்கும், கேட்டும் கிடைக்கவில்லை என்றால் எத்தனை முறை கேட்டார், என்ன பதில் வந்தது என்பதுதான் வேண்டும். பயிற்சி முடியும் தறுவாயில் இருந்தால், அதன் அறிக்கை வரும் வரை மறுபரிசீலனையைச் சில வாரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதும் உண்டு. பழைய அறிக்கையோடு போய் ஒரு வருடத்தை இழப்பதைவிட அது நல்லது.

நம் மக்கள் விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று மொழி. உங்கள் தம்பிக்கு ஆங்கிலம் எந்த அளவுக்கு என்று நீங்கள் எழுதவில்லை. சிறைப் பயிற்சி வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதுவும் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுகிற முறையில். கடையில் சாமான் வாங்கப் போதுமான ஆங்கிலம் அங்கே போதாது. எனக்கு வந்த ஒரு கோப்பில் நான்கு வருடம் தொடர்ந்து 'ஒத்துழைக்கவில்லை, உணர்ச்சியை வெளிப்படுத்தவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அவரைப் போய்ப் பார்த்துத் தமிழில் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். தன் குற்றத்தைப் பற்றி, இறந்தவரின் தாயைப் பற்றி, தன் அப்பாவின் குடியைப் பற்றி. பேச வராதவர் என்று எழுதப்பட்ட மனிதர் அவர்தான். மொழிபெயர்ப்பாளரோடு ஓர் உளவியலாளர் அவரைத் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்தோம். அதற்கும் லீகல் எய்டில் இடம் உண்டு. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த வருடமும் மறுத்தார்கள், அதற்கடுத்த வருடம் பி ஆனார். உங்கள் தம்பியின் அறிக்கைகளிலும் 'ஈடுபாடு காட்டவில்லை' என்பது போன்ற சொற்கள் இருந்தால், அது மனமா மொழியா என்று முதலில் பாருங்கள்.

குற்றத்தையே மறுப்பவராக இருந்தால் நிலைமை கடினம், ஆனால் கதவு மூடிவிடவில்லை. சட்டத்தில் தெளிவாக இருப்பது இதுதான்: மறுப்பது ஒன்றே வகையைக் குறைக்காமல் இருக்கக் காரணம் ஆக முடியாது, அதே சமயம் தீர்ப்பு சரி என்று வைத்துக்கொண்டுதான் குழு பார்க்க வேண்டும். நடைமுறையில் குற்றத்தைப் பற்றிப் பேசாமல் ஆபத்து குறைந்தது என்று காட்டுவது சிரமம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர்களையும் சேர்த்துக்கொள்கிற பயிற்சிகள் இருக்கின்றன, தனி உளவியல் மதிப்பீடும் செய்யலாம். வகை குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லும்படி தம்பியை யாரும் வற்புறுத்த வேண்டாம். மேல்முறையீடு செய்யும் எண்ணம் இருந்தால் அது பெரிய சேதம்.

தனி உளவியலாளரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டகரி ஏ-யில் வக்கீல் கொண்டுவரக்கூடிய மிகப் பலமான பொருள் அதுதான். பொதுவாக வாய்மொழி விசாரணை கிடையாது என்றேன். ஆனால் கேட்கலாம். முக்கியமான உண்மை விவரத்தில் தகராறு இருந்தால், அல்லது நிபுணர்கள் இருவர் மாறுபட்டுச் சொன்னால், அல்லது பல வருடமாக வண்டி ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தால், அல்லது குறைந்தபட்சக் காலம் முடிந்தும் ஏ-யிலேயே இருந்தால், விசாரணை தருவது பற்றி அவர்கள் தீவிரமாக யோசிக்க வேண்டும். சிறை உளவியலாளர் 'ஆபத்து அப்படியே இருக்கிறது' என்கிறார், தனி உளவியலாளர் 'கணிசமாகக் குறைந்துவிட்டது' என்று காரணத்தோடு எழுதுகிறார் என்றால், அந்த இரண்டாவது காரணம் உங்கள் கையில் வந்துவிடுகிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பரோல் விசாரணைகளைப் பற்றி 2013-ல் உச்ச நீதிமன்றம் தாராளமாகச் சொன்னதை வைத்து, கேட்டகரி ஏ-க்கும் அதே அளவுகோல் வேண்டும் என்று இரண்டு கைதிகள் வாதிட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இது நிர்வாக முடிவு, பரோல் போர்டு போன்ற நீதி அமைப்பின் முடிவு அல்ல என்று சொல்லிவிட்டது. ஆகவே விசாரணை கிடைப்பது இன்றும் அபூர்வம். தனி உளவியலாளரின் அறிக்கை பாதகமாக வந்துவிடும் அபாயமும் இருக்கிறது. அதைத் தம்பியிடம் முன்பே சொல்லாத சொலிசிட்டர் நல்ல சொலிசிட்டர் அல்ல.

எல்லாம் செய்தும் மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஜுடீஷியல் ரிவ்யூ, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்கலாம். தாமதிக்காமல் போட வேண்டும், அதிகபட்சம் மூன்று மாதம். அந்த மூன்று மாதம் முழுவதும் கையில் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. முதலில் ஒரு முன்னறிவிப்புக் கடிதம் போகும், பதிலுக்குப் பொதுவாக 14 நாள். பல நேரம் அந்தக் கடிதத்திலேயே, 'சரி, முடிவை மறுபடி பார்க்கிறோம்' என்று ஒப்புக்கொள்வார்கள். வழக்கு நடந்து வென்றாலும் நீதிபதி உங்கள் தம்பியைக் கேட்டகரி பி ஆக்க மாட்டார். முடிவு எடுத்த விதம் தவறு, மறுபடி சரியாக எடுங்கள் என்று திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பியதும் அதே முடிவை நல்ல காரணத்தோடு எழுதலாம். வழக்கு முடிவதற்குள் அடுத்த வருட மறுபரிசீலனையே வந்துவிடுவதும் சாதாரணம். அதனால் நான் இதைக் கடைசி ஆயுதமாகவே வைத்திருக்கிறேன்.

ஏ-யிலிருந்து பி ஆனபின் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். பி-யிலிருந்து சி-க்குப் போகும் மறுபரிசீலனைக்கு லீகல் எய்ட் 2018-ல் திரும்பி வரவில்லை. அதைச் சிறை அதிகாரிகளே முடிவு செய்வார்கள். கைதி தானே எழுதிக் கொடுக்கலாம். ஏற்காவிட்டால் சிறையின் புகார்ப் படிவம், அதற்கு மேல்முறையீடு, அதற்கு மேலே புகார்களைச் சுதந்திரமாக விசாரிக்கும் சிறை மற்றும் நன்னடத்தைப் பிரிவு ஓம்புட்ஸ்மன். முடிவு சட்ட விரோதமாக இருந்தால் ஜுடீஷியல் ரிவ்யூவுக்கு மட்டும் லீகல் எய்ட் கேட்கலாம். பிரிசனர்ஸ் அட்வைஸ் சர்வீஸுக்குக் கடிதம் எழுதினால் கட்டணமில்லாமல் ஆலோசனை தருவார்கள். ஆயுள் கைதி திறந்த சிறைக்கு, அதாவது டி-க்குப் போவது பரோல் போர்டின் வழியாக. குறைந்தபட்சக் காலம் முடிவதற்கு மூன்று வருடம் வரை முன்னதாகவே அந்தப் பரிசீலனை தொடங்கலாம், அதற்கு லீகல் எய்ட் உண்டு. ஆனால் போர்டு பரிந்துரைதான் செய்யும், நீதி அமைச்சர் நிராகரிக்கலாம். 2022 ஜூனில் அவர் அதை ஏற்பதற்கான அளவுகோலை மிகவும் இறுக்கினார்கள், 2023-ல் மறுபடி மாற்றினார்கள். உங்கள் தம்பிக்கு 18-ல் 11 முடிந்துவிட்டது. இன்னும் நான்கு வருடத்தில் அந்தப் பரிசீலனை வரும்போது அவர் ஏ-யிலேயே இருந்தால், எந்தப் பரோல் குழுவும் அவரை நேராகத் திறந்த சிறைக்கு அனுப்பச் சொல்வது நடைமுறையில் நடக்காத காரியம். அதனால்தான் இந்த வருடமும் அடுத்த வருடமும் முக்கியம் என்கிறேன்.

இன்னொரு விஷயம், கேட்கவே சங்கடமாக இருந்தாலும் கேட்க வேண்டும். தம்பிக்கு பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறதா? இலங்கை அல்லது இந்தியக் குடிமகனாக இருந்தால் நாடுகடத்தல் விஷயமும் கூடவே ஓடும். நாடுகடத்தல் உத்தரவு வந்து, இங்கிலாந்துக்குள்ளிருந்து செய்யக்கூடிய மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்துவிட்டால், திறந்த சிறைக்கு அனுப்ப விதி இடம் தராது. ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று இறங்க அது தடையில்லை. ஆனால் குடிவரவு வக்கீலும் சிறைச் சட்ட வக்கீலும் ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாமல் வேலை செய்தால் இரண்டுமே கெடும்.

வகை குறைந்த மறுநாளே எல்லாம் மாறிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஃபிராங்க்லண்ட், ஃபுல் சட்டன், வேக்ஃபீல்ட், வைட்மூர், லாங் லார்ட்டின் போன்ற உயர் பாதுகாப்புச் சிறைகளில் ஏ கைதிகளும் பி கைதிகளும் ஒன்றாகவே இருக்கிறார்கள். பி ஆன பிறகும் பல மாதம் அதே சிறையில் இருந்தவர்கள் உண்டு. ஆனால் உங்களுக்கு ஒரு மாற்றம் உடனே தெரியும். கேட்டகரி ஏ கைதியைப் பார்க்க வருபவர்களைப் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, புகைப்படம் வாங்கி அனுமதிக்கும் முறை இருக்கிறதே, அது பி கைதியின் குடும்பத்துக்குக் கிடையாது. அம்மா ஊரிலிருந்து வந்தும் அந்த அனுமதி வராததால் பார்க்க முடியாமல் திரும்பினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இப்போது செய்ய வேண்டியது. வக்கீலை நீங்கள் நியமிக்க முடியாது, கட்சிக்காரர் தம்பி. லீகல் எய்ட் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்காதவரை, நான் உட்பட எந்தச் சொலிசிட்டரும் கோப்பில் என்ன இருக்கிறது என்று உங்களிடம் சொல்ல முடியாது. அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லீகல் எய்ட் வக்கீல்களைத் தேட அரசின் இணையதளத்தில் வசதி இருக்கிறது. அதில் சிறைச் சட்டம் என்று தேர்ந்தெடுத்து மூன்று நான்கு அலுவலகங்களின் முகவரியைத் தம்பிக்கு அனுப்புங்கள். அவர் எழுதும்போது உறையின் மேல் 'ரூல் 39' என்று குறிப்பிட்டால் அது சட்டக் கடிதம், சாதாரணமாகத் திறந்து படிக்கக் கூடாது. அலுவலகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'கேட்டகரி ஏ மறுபரிசீலனை இதற்கு முன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?' கிரிமினல் வழக்கில் நன்றாக வாதாடியவர் என்பதால் மட்டும் இதற்கும் அவரிடமே போக வேண்டாம்.

அடுத்த மறுபரிசீலனை மார்ச்சில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அறிக்கைகள் அதற்குச் சில மாதம் முன்பிருந்தே எழுதப்பட ஆரம்பித்துவிடும். இந்த வாரம் தம்பி போன் செய்யும்போது மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். போன வருட மறுப்புக் கடிதத்தையும், அதோடு வந்த அறிக்கைகளையும் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். உள்ளூர் குழு எந்தத் தேதியில் கூடும், அறிக்கைகள் எப்போது கைக்கு வரும் என்று சிறை அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் போட்டு அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கைகள் வந்த அன்றே சொலிசிட்டருக்கு அனுப்ப வேண்டும். சிறைத் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படும் என்பதால் வழக்கைப் பற்றியோ அறிக்கைகளில் உள்ளதைப் பற்றியோ போனில் விவாதிக்காதீர்கள். மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணங்களைப் பெயரும் சிறையும் இல்லாமல் இங்கே எழுதினால், எந்தக் காரணத்துக்கு என்ன சான்று தேவைப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.